கரைந்தால்தான் மருந்து

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, பிரஷர் என்று தொடங்குவார் என நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி உங்கள் உங்கள் வைத்தியர்கள் போதும் போதும் என்னும் அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம் வேறு. அந்த வியாதிகளுக்கு எழுதித் தருகிற குளிசை விழுங்கிய பிறகு என்ன ஆகிறது? அது கரைய மறுத்தால் என்ன செய்வது? இரசாயனவியல் கொஞ்சம் வரும். உயர்தரத்தில் அதைப் படித்தவர்கள் மறந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். கலைப் பிரிவில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். சமையலறையில் நிற்கிற எவருக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கோப்பைக்குள் போட்டால் அது கரைய எவ்வளவு நேரம் எடுக்கும், அதையே நுணுக்கிப் போட்டால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது நமக்குத் தெரியும். கற்கண்டுக்கும் சீனிக்கும் உள்ள வேறுபாடும் அதுதான். பொருள் ஒன்று, தண்ணீர் படுகிற மேற்பரப்பு வேறு. 1897ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நொய்ஸ், விற்னி என்ற இருவர் பென்சோயிக் அமிலத்தையும் ஈயக் குளோரைட்டையும் உருளைகளாக வார்த்து, தண்ணீரில் சுழற்றி, எவ்வளவு வேகத்தில் கரைகின்றன என்று அளந்தார்கள். அவர்கள் எழுதிய சமன்பாடும், பின்னால் மற்றவர்கள் அதில் சேர்த்தவையும் இன்றுவரை மருந்தாக்கவியல் மாணவரின் முதற்பாடம். மேற்பரப்பு கூடினால் வேகம் கூடும், கரைதிறன் கூடினால் வேகம் கூடும். மற்றவை எல்லாம் விளக்கவுரை.

குளிசை விழுங்கியவுடன் மருந்து வேலை செய்யத் தொடங்குவதில்லை. குளிசை உடைந்து துகளாக வேண்டும். துகள் குடற்சாற்றில் கரைய வேண்டும். கரைந்த மூலக்கூறு மட்டுமே குடற்சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போகும். கரையாதது வந்த வழியே வெளியே போய்விடும். பெட்டியில் 100 மில்லிகிராம் என்று அச்சடித்திருப்பது குளிசைக்குள் இருக்கிற அளவு. நோயாளிக்குக் கிடைக்கிற அளவு வேறு ஓர் எண்ணாக இருக்கலாம். 1995இல் அமிடன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவரது குழுவினரும் மருந்துகளை இந்தக் கண்ணோடு நான்காகப் பிரித்தார்கள். மருந்தின் மிகக் கூடிய அளவுக் குளிசை 250 மில்லிலீற்றர், அதாவது ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைகிறதா, குடற்சுவரைத் தாண்டுகிறதா என்ற இரண்டு கேள்விகள்தான். தாண்டும், ஆனால் கரையாது என்பது இரண்டாம் வகுப்பு. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயினும் கார்பமசெப்பினும், கொலஸ்ரரோலுக்கு எடுக்கும் அற்றோவஸ்ரற்றினும் அந்த வகுப்புப் பிள்ளைகள். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் மருந்துகளிலும் பெரும் பங்கு இப்படித்தான் இருக்கின்றன. உடலில் அவை பற்றிப் பிடிக்க வேண்டிய இடங்கள் பல கொழுப்பை விரும்பும் குழிகள். அந்தக் குழிக்குப் பொருந்தும்படி செய்த மூலக்கூறு தண்ணீரை வெறுப்பதில் வியப்பில்லை.

இது ஆய்வுகூட விடயம், நோயாளிக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். 1968, 69இல் அவுஸ்திரேலியாவில் பெனிற்றோயின் எடுத்துக்கொண்டிருந்த வலிப்பு நோயாளிகள் பலர் தள்ளாடி நடக்கவும், தூங்கி வழியவும், ஒன்றை இரண்டாகப் பார்க்கவும் தொடங்கினார்கள். மருந்து கூடிப்போனதற்கான அறிகுறிகள் அவை. ஆனால் யாரும் கூட்டி எழுதவில்லை, யாரும் கூட எடுக்கவும் இல்லை. விசாரித்துப் பார்த்தபோது, உறைக்குள் மருந்தோடு சேர்த்து நிரப்பும் வெறும் தூளைத் தயாரிப்பாளர் மாற்றியிருந்தது தெரிந்தது. முன்பு கல்சியம் சல்பேற்று, பிறகு இலற்றோசு. மருந்து ஒரு மில்லிகிராம்கூட மாறவில்லை. பழைய தூளோடு முழுமையாக உறிஞ்சப்படாதிருந்த மருந்து, புதிய தூளோடு நன்றாக உறிஞ்சப்பட்டது. பெனிற்றோயினுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரல் அதைக் கையாளக்கூடிய எல்லையை நெருங்கிவிட்டால், கொஞ்சம் கூடினாலும் இரத்தத்தில் மட்டம் செங்குத்தாக ஏறும். அடுத்த சில ஆண்டுகளில், 1971இல், அமெரிக்காவில் லின்டன்போம் என்பவரின் குழு இருதய நோய்க்கான டிஜொக்சின் குளிசைகளை ஒப்பிட்டது. ஒரே அளவு என்று எழுதிய குளிசைகள் இரத்தத்தில் ஏழு மடங்கு வரை வேறுபட்ட மட்டங்களைக் கொடுத்தன. டிஜொக்சினில் குணத்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வரம்பு எவ்வளவு ஒடுங்கியது என்பதை இங்கிருக்கும் தாதியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்று மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்துக்குப் போனால் ஆறு கண்ணாடிப் பாத்திரங்களில் 37 பாகை செல்சியசில் திரவம், ஒவ்வொன்றிலும் ஒரு குளிசை, ஒரு சிறு துடுப்பு மெதுவாகச் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். இத்தனை நிமிடத்தில் இத்தனை வீதம் கரைய வேண்டும் என்பது விதி. அமெரிக்க மருந்துக் கோவையில் இந்தப் பரிசோதனை 1970இல்தான் ஏறியது. அதற்கு முன் குளிசை உடைகிறதா என்று பார்த்தார்களே தவிர, கரைகிறதா என்று பார்க்கவில்லை.

சரி, கரையாததை எப்படிக் கரைப்பது? முதல் வழி நுணுக்குவது. ஒரு மில்லிமீற்றர் கனசதுரத்தை ஒரு மைக்ரோமீற்றர் கனசதுரங்களாக வெட்டினால் மேற்பரப்பளவு ஆயிரம் மடங்காகும். படைக்குக் கொடுக்கும் கிறிசியோபுல்வின் என்ற மருந்தில் இது நன்றாகப் பலித்தது. பழைய பருமனான தூளில் 1000 மில்லிகிராம் கொடுத்த இடத்தில் நுணுக்கிய தூளில் 500 போதும் என்றானது. கொழுப்புச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வதும் அந்த மருந்துக்குத்தான். படை வந்தவருக்கு ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட வைத்தியரே காரணம் கொடுக்கிற அரிய சந்தர்ப்பம் அது.

ஆனால் அரைப்பதற்கும் எல்லை உண்டு. உரலில் இடித்தால் சூடேறும். சூடு தாங்காத மருந்துகள் கெட்டுவிடும். மிக நுண்ணிய தூளில் மின்னேற்றம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பிறகு தண்ணீர் உள்ளே புகாது. அரிசிமாவைச் சலிக்காமல் பிட்டுக்குக் குழைத்தவர்களுக்கு அது தெரியும். கரைப்பானில் கரைத்து மீண்டும் படியவைக்கலாம் என்றால், அந்தக் கரைப்பானின் மிச்சம் மருந்தில் தங்கும். அதை நீக்கச் சூடாக்க வேண்டும். மறுபடியும் சூடு.

இந்த இடத்தில்தான் நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்த பொருள் வருகிறது. அதைப் பார்க்க வெளிநாட்டு ஆய்வுகூடம் தேவையில்லை. சுவரில் தொங்குகிற காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் உருளை போதும். அதற்குள் காபனீரொட்சைட்டு அமுக்கத்தில் திரவமாக இருக்கிறது, மேலே அதன் ஆவி. காலையில் அப்படி. சித்திரை மத்தியான வெயிலில், உருளையின் சூடு 31 பாகையைத் தாண்டும்போது, உள்ளே திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே இருந்த எல்லை இல்லாமல் போய்விடுகிறது. அதற்குமேல் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. வாயு என்றும் சொல்ல முடியாது. அந்த நிலையை ‘அவதி கடந்த பாயி’ என்போம். ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு ‘சுப்பர்கிரிட்டிக்கல் ஃபுளூயிட்’. ரொறன்ரோவில் மாசி மாதம் இந்தச் சங்கதி நடக்காது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு கோடையும் யாரும் கவனிக்காமலே நடக்கிறது.

இதை முதலில் கண்டவர் பிரான்சில் கனியார் த லா தூர். 1822இல் ஒரு துப்பாக்கிக் குழாய்க்குள் திரவத்தையும் ஒரு கற்குண்டையும் போட்டு அடைத்துச் சூடாக்கி, குண்டு உருளும் சத்தத்தைக் காதால் கேட்டே திரவம் மறைந்ததை அறிந்தார். அதற்கு ஒழுங்கான கணக்கும் ‘அவதிப் புள்ளி’ என்ற பெயரும் கொடுத்தவர் பெல்பாஸ்ற் நகரில் தோமஸ் அன்ட்ரூஸ், 1869இல். அவர் ஆராய்ந்தது காபனீரொட்சைட்டைத்தான். இரசாயனப் பேராசிரியர் என்றாலும் வைத்தியப் பட்டமும் பெற்றவர் என்பதை எமது இனத்தின் பெருமைக்காகச் சொல்லி வைக்கிறோம்.

காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலை 31.1 பாகை, அமுக்கம் ஏறத்தாழ 74 பார். உங்கள் கார் ரயரில் இருப்பது 2 பார் சொச்சம். தண்ணீருக்கு இந்த நிலை வர 374 பாகை வேண்டும். எந்த மருந்தும் அதில் அவிந்துபோகும். காபனீரொட்சைட்டோ உடற்சூட்டுக்கும் கீழேயே இந்த நிலைக்கு வந்துவிடுகிறது. மலிவானது, எரியாது, வேலை முடிந்ததும் அமுக்கத்தைத் திறந்துவிட்டால் வாயுவாகப் பறந்துவிடும். மிச்சம் வைக்காது. திரவம்போலக் கரைக்கும், வாயுபோல எங்கும் ஊடுருவும். எல்லாவற்றிலும் பெரிய வசதி, அமுக்கத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலே அதன் அடர்த்தியும் அதோடு கரைக்கும் திறனும் சடாரென்று மாறுவது. ஒரு குமிழைத் திருகிக் கரைப்பானின் குணத்தையே மாற்றுவது போன்றது. ஜேர்மனியில் குர்ட் சோசெல் என்பவர் 1960களில் இதைக் கொண்டுதான் கோப்பிக்கொட்டையிலிருந்து கபீனைப் பிரிக்கும் வழியைக் கண்டார். கபீன் நீக்கிய கோப்பி குடிப்பவர்களில் பலர் இந்தப் பாயியின் தயவில் தூங்குகிறார்கள்.

மருந்துக்கு இதைப் பயன்படுத்துவதில் பெரிய வழிகள் இரண்டு. முதலாவது நேரானது. மருந்தை அவதி கடந்த பாயியில் கரைத்து, மயிரிழை போன்ற துவாரத்தின் வழியே வெளியே பீச்சுவது. வெளியே வந்த கணத்தில் அமுக்கம் விழும், கரைப்பான் வாயுவாகும். தன்னைப் பிடித்துவைக்க யாருமில்லாமல் மருந்து அதே கணத்தில் நுண்துகளாக உதிரும். பளிங்கு பெரிதாக வளர நேரமே கிடைப்பதில்லை. 1879இலேயே ஹனே, ஹோகார்த் என்ற இருவர் இப்படி உப்புகள் வெண்பனிபோல உதிர்வதைக் கண்டு எழுதினார்கள். அதை மருந்துத் துகளுக்குப் பயன்படுத்தலாம் என்று உலகம் யோசிக்க நூறு ஆண்டு சென்றது. குறை என்னவென்றால், காபனீரொட்சைட்டு கொழுப்புக்குணமுள்ள சிறு மூலக்கூறுகளையே கரைக்கும். பெரும்பாலான மருந்துகள் அதிலும் கரையாது. தண்ணீரிலும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை.

இரண்டாவது வழி அந்தக் குறையையே கருவியாக்குகிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். வாளித் தண்ணீரில் டெற்றோல் விட்டுப் பார்த்திருப்பீர்கள். போத்தலில் தெளிவாக இருந்தது தண்ணீரில் பட்டதும் பாலாகிறது. அற்ககோலில் கரைந்திருந்த எண்ணெய்ப் பொருள், தண்ணீர் வந்து அற்ககோலைத் தன்பக்கம் இழுத்ததும் கரைந்திருக்க முடியாமல் நுண்துளிகளாக வெளியே வருகிறது. அதேபோல, மருந்தை அசற்றோனிலோ எதனோலிலோ கரைத்து, அவதி கடந்த காபனீரொட்சைட்டு நிரம்பிய பாத்திரத்துக்குள் தெளிப்பார்கள். காபனீரொட்சைட்டு அசற்றோனோடு உடனே கலந்துவிடும், மருந்தை ஏற்காது. மருந்து தூளாகக் கீழே விழும். பிறகு புதிய காபனீரொட்சைட்டை ஓடவிட்டால் மிச்ச அசற்றோனையும் கழுவிக்கொண்டு போய்விடும். துகளின் பருமன், வடிவம், எந்தப் பளிங்கு என்பவற்றையெல்லாம் வெப்பநிலை, அமுக்கம், தெளிக்கும் வேகம் என்பவற்றால் தீர்மானிக்கலாம். 1990களில் இங்கிலாந்தின் பிரட்போர்ட் பல்கலைக்கழகத்தில் இந்த வழியை நன்றாக வளர்த்தார்கள். மருந்தோடு ஒரு பல்பகுதியத்தையும் சேர்த்துத் தெளித்தால், மருந்து பளிங்காகாமல் அதற்குள் கலைந்த நிலையிலேயே சிறைப்படும். பளிங்கை உடைக்கும் சக்தி செலவாகாததால் அது இன்னும் வேகமாகக் கரையும்.

பளிங்கு என்று சொன்னோம். அது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு றிற்றோனவிர் ஒன்றே போதும். எய்ட்ஸ் நோய்க்கான இந்த மருந்து 1996இல் உறைகளாகச் சந்தைக்கு வந்தது. 1998இல் சில தொகுதிகள் அந்தத் துடுப்புப் பரிசோதனையில் தவறின. பார்த்தால், அதுவரை யாரும் காணாத இரண்டாவது பளிங்கு வடிவம் ஒன்று தோன்றியிருந்தது. மூலக்கூறு அதே, அடுக்கு வேறு, கரைதிறன் மிகக் குறைவு. உறைகளை நிறுத்த வேண்டி வந்தது. நோயாளிகள் நாக்கில் வைக்க முடியாத திரவ மருந்துக்கு மாறினார்கள். பிறகு வந்த உறைகளைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. மின்சாரமில்லாத ஊரில் வாழும் நோயாளிக்கு அதன் பொருள் என்னவென்று இடப்பெயர்வுக் காலத்தைக் கண்ட நமக்குப் புரியும். குளிர்ப்பெட்டி தேவையில்லாத குளிசை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2010இல். கோவிட் காலத்தில் பக்ஸ்லோவிட் என்ற மாத்திரைப் பொதியில் துணையாக வந்ததும் இதே றிற்றோனவிர்தான்.

அந்தக் குளிசை எப்படி வந்தது? அவதி கடந்த பாயியால் அல்ல. மருந்தையும் பல்பகுதியத்தையும் ஒன்றாக உருக்கி, இடியப்ப உரலில் பிழிவதுபோலப் பிழிந்து செய்தார்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவதி கடந்த பாயியைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். அந்த வழியில் செய்து கடைக்கு வந்த குளிசைகள் மிகச் சில. 100, 200 பார் தாங்கும் தடித்த உருக்குப் பாத்திரங்கள் வேண்டும். துவாரம் அடைபடும். கையளவு தூள் செய்த முறை தொன் கணக்கில் செய்யும்போது வேறு துகளைத் தரும். பளிங்காகாத மருந்து நாளாக நாளாக மீண்டும் பளிங்காகப் பார்க்கும், எமது ஈரலிப்பில் இன்னும் விரைவாக. உருக்கிப் பிழிதல், தெளித்துலர்த்தல், ஈரமாக நனோ அளவுக்கு அரைத்தல் ஆகியவை மலிவிலும் பழக்கத்திலும் முந்திவிட்டன. இருந்தாலும் சூடும் தாங்காத, கரைப்பான் மிச்சமும் ஆகாத மருந்துகளுக்கு, உதாரணமாக மூச்சோடு இழுக்கும் தூள்களுக்கும் புரத மருந்துகளுக்கும், இந்த வழிக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதே எமது அபிப்பிராயம். இரசாயனப் பொறியியல் படிக்கும் தங்கைமார் யாராவது இங்கே இருந்தால், துவாரம் அடைபடும் அந்தப் பிரச்சினை இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

அதுவரை எங்கள் கிளினிக்குகளில் வரிசையில் இருப்பவர்களுக்கு வருவோம். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது உங்களில் பலர் பொதி பொதியாக மருந்து அனுப்பினீர்கள். அந்த உதவியால் எத்தனையோ பேர் அந்த மாதங்களைக் கடந்தார்கள். அதே மாதங்களில், ஒரு மாதம் ஒரு நாட்டின் பெனிற்றோயின், அடுத்த மாதம் இன்னொரு கம்பனியின் பெனிற்றோயின் என்று மாறி மாறி எடுத்தவர்களையும் நாங்கள் பார்த்தோம். பல ஆண்டு வலிப்பில்லாமல் இருந்தவருக்கு மறுபடி வந்தால் முதலில் நாங்கள் கேட்பது, “அம்மா, குளிசை மாறினதோ?” என்றுதான். பல வேளை, “இல்லை டொக்டர், அதே மருந்துதான், நிறம் மட்டும் வேறை” என்று பதில் வரும்.

இதைச் சொல்வதால் மலிவான பொதுப்பெயர் மருந்துகள் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேராசிரியர் சேனக பிபிலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய நாட்டில் படித்தவர்கள் நாங்கள். பொதுப்பெயர் மருந்து இல்லாவிட்டால் எமது ஆஸ்பத்திரிகள் ஒரு நாளும் நடக்காது. பெரும்பாலான மருந்துகளில் கம்பனி மாறினால் ஒன்றும் ஆகாது. பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2013இல் வலிப்பு மருந்துகளை மூன்றாகப் பிரித்து, பெனிற்றோயின், கார்பமசெப்பின், பினோபார்பிற்றோன், பிறிமிடோன் ஆகிய நான்கை மட்டும் ஒரே தயாரிப்பிலேயே தொடர வேண்டும் என்ற வகுப்பில் வைத்தது. இந்த நான்கில் கவனம் வேண்டும். மற்றவற்றில் வீண் பயம் வேண்டாம்.

எனவே மருந்து அனுப்புகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். இந்த நான்கு மருந்துகளை அனுப்புவதானால் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரே தயாரிப்பாக அனுப்புங்கள். பலரிடம் சேர்த்த மிச்சங்களை ஒரே போத்தலில் கொட்டி அனுப்ப வேண்டாம். இடம் மிச்சம் பிடிக்கக் குளிசைகளை அட்டையிலிருந்து கழற்றிப் பொலித்தீன் பையில் போடவும் வேண்டாம். கார்பமசெப்பின் குளிசை ஈரலிப்பை உறிஞ்சினால் அதன் பளிங்கே மாறி இறுகிப்போகும். மூன்றில் ஒரு பங்கு வரை பலன் குறையலாம் என்று அமெரிக்க மருந்து நிருவாகம் எச்சரித்திருக்கிறது. அப்படிப்பட்ட குளிசையைக் குசினியில் அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைத்திருக்கிற வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை என்று எண்ணத் தேவையில்லை.

ஊரில் இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று. கிளினிக்குக்கு வரும்போது மருந்தின் பெயர் எழுதிய துண்டு மட்டும் போதாது. முடிந்த குளிசையின் வெறும் அட்டையையும், அதற்கு முந்தியது கிடந்தால் அதையும் கொண்டுவாருங்கள். கம்பனியின் பெயரும் தொகுதி எண்ணும் அதில்தான் இருக்கும்.

 கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் பேசுவோம். பனங்கட்டியும் வைத்திருக்கிறார்களாம்.